காலில் சுடுகிறது!

ஐம்பது வயதுக்கு மேல் மனிதர்களுக்குப் பலவிதமான பைத்தியங்கள் பிடிப்பதுண்டு. சிலருக்குச் சங்கீதப் பைத்தியம் பிடிக்கிறது. சிலருக்கு வேதாந்தப் பைத்தியம் பிடிக்கிறது. எனக்குப் பிடித்தது மோட்டார் பைத்தியம். அதிலும் சாதாரண மோட்டார் அல்ல. 1987-ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்தில் செய்யப்பட்டதும், இரண்டு பேர் சௌகரியமாகவும் நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டும் உட்காரக்கூடியதுமான ஒரு கறுப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதைச் செய்த கம்பெனியின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. முப்பத்தாறு வருஷம் பழமையான ஒரு யந்திரத்தை வாங்கிவிட்டு அதைப் பெற்றவர்களைக் குறை சொல்வது நியாயமல்ல. மேலும், இந்தக் கதையில் குற்றத்தின் பெரும் பங்கு யாருடையது என்பது போகப் போகத் தெரியும்.

வண்டியை நான் வாங்கியது 2022-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில். வாங்கிய இடம் நான் உத்தியோகம் பார்க்கும் ஊராகிய பீனிக்ஸ் நகரம். அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்தின் தலைநகரம் அது. பாலைவனத்தின் நடுவில் இருக்கிறது. ஆனால் டிசம்பரில் அங்கே நம் ஊட்டியைப் போல் சுகமாக இருக்கும். வண்டியை விற்றவர், "குளிர்சாதனம் உண்டு" என்றார். உண்டா என்று நானும் பார்த்தேன். குமிழ் இருந்தது. திருகினால் உள்ளே ஏதோ இரைந்தது. பரம திருப்தியுடன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். பாலைவனத்தில் குடியிருப்பவன் குளிர்காலத்தில் குளிர்சாதனம் வாங்குவது, கோடையில் குடையைப் பரீட்சை செய்து வாங்குவதைப் போன்றது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரலில் வெயில் ஏறிற்று. குமிழைத் திருகினேன். இரைச்சல் வந்தது, குளிர் வரவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி ஒரு பிரதக்ஷிணம் வந்து, "காஸ் குறைந்திருக்கிறது" என்றார். காஸ் ஏற்றினார். இரண்டு வாரம் சுமாராகக் குளிர்ந்தது. மறுபடியும் போனேன், மறுபடியும் ஏற்றினார். மூன்றாவது தடவை, "இந்தத் தடவை கொஞ்சம் தாராளமாகவே போட்டிருக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார். அன்று முதல் வண்டி முன்னைக் காட்டிலும் குறைவாகத்தான் குளிர்ந்தது. போட்ட காஸ் எல்லாம் எங்கே போயிற்று என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

* * *

மே மாதத்தில் என் பெண்ணின் பட்டமளிப்பு விழாவுக்காக என் தகப்பனார் நாகப்பட்டினத்திலிருந்து வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 78. நாகப்பட்டினத்தில் மீன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் பாக்டரியில் முப்பத்தேழு வருஷம் யந்திரம் ஓட்டியவர். சின்ன வயதில் அவர் வீட்டுக்குள் வரும்போதே அம்மோனியா நெடியும் கூடவே வரும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்ட ஞாபகம் எனக்கு இன்னும் இருக்கிறது. படித்து, உத்தியோகம் தேடி, கடல் தாண்டி வந்ததற்கு அந்த நெடியும் ஒரு காரணம் என்று சொன்னால் பொய்யாகாது. அவர் செய்த வேலை இன்னதென்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

2023-ஆம் வருஷத்துக் கோடை பீனிக்ஸ் நகரத்தின் சரித்திரத்திலேயே பெயர் வாங்கிய கோடை. ஜூன் 30 முதல் ஜூலை 30 வரையில், ஒரு நாள்கூட விடாமல் 31 நாட்கள், பகல் உஷ்ணம் 110 டிகிரிக்குக் குறையவில்லை. இது பாரன்ஹீட் கணக்கு. நம் ஊர்க் கணக்கில் 43 டிகிரிக்கு மேல். அந்த ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாரிகோப்பா என்னும் ஊரிலுள்ள மகா கணபதி கோயிலுக்குப் போகவேண்டுமென்று அப்பா பிரியப்பட்டார். வீட்டில் நல்ல வண்டி ஒன்று இருந்தது. அதில் என் மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவள் வரும் வரையில் காத்திருக்கலாம். ஆனால் அப்பாவை என் ஸ்போர்ட்ஸ் காரில் ஏற்றிக் காட்டவேண்டும் என்ற சபலம் எனக்கு. ஏற்றிக்கொண்டு போனேன்.

போகும்போது காலை நேரம். ஜன்னலைத் திறந்துகொண்டு ஒருவாறு சமாளித்தோம். ஆனால் பாதி வழியிலேயே அப்பா, "ஏண்டா, காலில் சுடுகிறதே?" என்றார்.

"பாலைவனம் அப்பா, சுடத்தான் செய்யும்" என்றேன்.

"தலையில் சுட்டால் வெயில். காலில் ஏன் சுட வேண்டும்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ரேடியோவைச் சற்று உரக்க வைத்தேன்.

திரும்பும்போது பிற்பகல் மூன்று மணி. 347-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் முன்னால் எங்கேயோ விபத்து. வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றுவிட்டன. இருபுறமும் வெட்டவெளி, மருந்துக்கு ஒரு மரம் கிடையாது. ஓடும்போது ஏதோ கொஞ்சம் வந்துகொண்டிருந்த குளிரும் நின்ற பத்தாவது நிமிஷத்தில் அடியோடு போய்விட்டது. ஜன்னலைத் திறந்தால் அனல். மூடினால் அவியல். கையிலிருந்த தண்ணீரைக் குடித்துத் தீர்த்தோம். அரைமணி கழித்து அப்பாவிடம் ஏதோ கேட்டேன். அவர் சம்பந்தமில்லாமல், "தொட்டியில் உப்பு போதுமா என்று பார்த்தாயா?" என்றார். திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. கண்கள் என்னைப் பார்த்தும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விஸ்தரிக்க விரும்பவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய்ப் பின்னால் நின்ற ஒரு பெரிய லாரி வண்டியின் கண்ணாடியைத் தட்டினேன். அதிலிருந்த வயதான அமெரிக்கத் தம்பதிகள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவை இருவருமாகத் தூக்கித் தங்கள் குளிர்ந்த வண்டிக்குள் சாய்த்து, ஐஸ் பெட்டியில் கிடந்த தண்ணீரில் துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் அவர் கண் தெளிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். "இன்னும் கால்மணி தாமதித்திருந்தால் விஷயம் வேறாகியிருக்கும்" என்று டாக்டர் சொன்னார். அவர் சாதாரணக் குரலில்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

* * *

வீட்டில் என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எப்படிப்பட்டது என்பதைக் கலியாணமானவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் நானாகவே, "வண்டியை விற்றுவிடுகிறேன்" என்றேன்.

சாய்வு நாற்காலியில் படுத்திருந்த அப்பா தலையைத் தூக்கினார். "யாருக்கு விற்கப் போகிறாய்?"

"யாராவது கேட்பவர்களுக்கு."

"அவனுக்கு அப்பா இல்லையா?"

நான் வாயடைத்து நின்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து, "முதலில் கோளாறு என்னவென்று பார். அப்புறம் விற்கலாம், வைத்துக்கொள்ளலாம். கண்டென்ஸர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

வாசகர்களே! மூன்று தடவை பணம் வாங்கிய பட்டறைக்காரர் ஒரு தடவையும் கேட்காத கேள்வி அது. எனக்கும் பதில் தெரியாது.

அன்று அவர் எனக்கு நடத்திய பாடத்தை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். "குளிர் என்று ஒரு வஸ்து கிடையாதடா. அதை யாரும் உண்டாக்க முடியாது. உஷ்ணம் ஒன்றுதான் உண்டு. அதை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் கொட்டலாம். மண் பானையில் ஜலம் எப்படிக் குளிர்கிறது? வெளியே கசிகிற ஈரம் ஆவியாகும்போது பானையின் உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த ஈரம் போனது போனதுதான். நம் யந்திரத்தில் ஆவியானதைத் திரும்பப் பிடித்து, கம்ப்ரஸரில் அமுக்கி, கண்டென்ஸரில் மறுபடியும் திரவமாக்கி, மறுபடியும் அனுப்புகிறோம். அவ்வளவுதான் வித்தை. ஆனால் கண்டென்ஸர் இரண்டு சுமையை இறக்க வேண்டும். உள்ளேயிருந்து எடுத்த உஷ்ணம் ஒன்று. அமுக்குகிறதற்குக் கம்ப்ரஸர் செய்த வேலையின் உஷ்ணம் இன்னொன்று. முதலும் வட்டியுமாகக் கடனைத் தீர்க்கிற இடம் அது. கண்டென்ஸர் சரியில்லையென்றால், மற்றதெல்லாம் தங்கத்தால் செய்திருந்தாலும் பிரயோஜனமில்லை."

பேச்சு வாக்கில் இன்னொரு சங்கதியும் தெரிந்துகொண்டேன். நம் வீடுகளில் "ஒரு டன் ஏஸி", "ஒன்றரை டன் ஏஸி" என்று சர்வ சாதாரணமாகப் பேசிக்கொள்கிறோம் அல்லவா? யந்திரத்தின் எடை என்று நான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஐஸ் கணக்காம்! 2,000 ராத்தல் ஐஸ் கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு உஷ்ணம் வேண்டுமோ, அவ்வளவு உஷ்ணத்தை அப்புறப்படுத்தும் சக்திக்கு ஒரு டன் என்று பெயர். யந்திரங்கள் வருவதற்கு முன்னால் ஐஸ் கட்டிகளை அடுக்கித்தான் குளிர்ச்சி செய்தார்கள். அந்தக் காலத்து அளவு இன்னும் போகவில்லை. "நீ படிச்ச படிப்பில் இது இல்லையா?" என்று அப்பா கேட்டார். இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

* * *

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, கொட்டகையில் வண்டியின் முன் மூடியையும் பின் மூடியையும் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் பரிசோதனையில் இறங்கினோம். இந்த ரக வண்டிக்கு எஞ்சின் பின்னால் இருக்கிறது. அதைத் தண்ணீரால் குளிர வைப்பதில்லை. ஒரு விசிறி காற்றை உறிஞ்சி எஞ்சின்மேல் ஊதுகிறது. கம்ப்ரஸர் பின்னால் எஞ்சினோடு இருக்கிறது. குளிர்ந்த காற்றைக் கொடுக்கும் எவாபொரேட்டர் வண்டியின் முன்பாகத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ரப்பர்க் குழாய்கள் வண்டியின் நீளத்துக்குப் போய்த் திரும்புகின்றன. கண்டென்ஸர்கள் இரண்டு. சின்னது முன் பம்பருக்கு அடியில். பெரியது எங்கே என்று கேளுங்கள்: எஞ்சினை மூடும் மூடியில், எஞ்சினுக்கு நேர் மேலே!

அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அடுப்புக்கு மேல் உறி கட்டி அதில் தயிரை வைத்தாற்போல் இருக்கிறது" என்றார்.

வண்டி வேகமாக ஓடும்போது பாதகமில்லை. எஞ்சின் விசிறி அந்த மூடி வழியாக வெளிக்காற்றை இழுக்கிறது. கண்டென்ஸர் ஒருவாறு ஆறுகிறது. ஆனால் வண்டி நின்றுவிட்டால் விசிறியின் வேகம் எஞ்சினோடு குறைகிறது. கீழேயிருந்து எஞ்சினின் அனல் மேலே கிளம்புகிறது. உஷ்ணத்தைக் கொட்ட வேண்டிய இடத்திலேயே உஷ்ணம் வந்து ஏறுகிறது. 347-ஆம் நம்பர் சாலையில் நின்ற பத்தாவது நிமிஷத்தில் குளிர் நின்று போனதன் ரகசியம் இதுதான்.

ஆனால் அன்றையப் பரிசோதனையில் நாங்கள் முதலில் கண்டுபிடித்தது இது அல்ல. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். "எஞ்சினைப் போடு, குளிரைப் போடாதே" என்றார். பத்து நிமிஷம் எஞ்சின் ஓடிற்று. குனிந்து, கதவு ஓரமாகக் காலடியில் புறங்கையை வைத்தார். "வந்து பார்" என்றார். நானும் கையை வைத்துப் பார்த்தேன். சுடச் சுடக் காற்று வந்துகொண்டிருந்தது.

விஷயம் என்னவென்றால், இந்த வண்டியில் குளிர்காலத்துக்காக ஓர் ஏற்பாடு இருக்கிறது. புகைபோக்கிக் குழாயைச் சுற்றி வரும் சூடான காற்றைக் குழாய்கள் வழியாக உள்ளே கொண்டு வருகிறார்கள். வேண்டாத போது ஒரு தகடு அதை அடைத்துக்கொள்ள வேண்டும். என் வண்டியில் அந்தத் தகடு துருப்பிடித்து, அதை இழுக்கும் கம்பியும் தளர்ந்து, முக்கால்வாசிதான் மூடிக்கொண்டிருந்தது. ஆகவே 43 டிகிரி வெயிலில், ஒரு பக்கம் குளிர்சாதனமும் மறு பக்கம் கணப்பும் சேர்ந்தே வேலை செய்துகொண்டிருந்தன! இரண்டும் போட்டி போட்டதில் கணப்பு ஜயித்துவிட்டது.

"ஐஸ் ரூமில் குளிர் குறைந்தால் முதலில் யந்திரத்தைத் தொட மாட்டோம். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்போம்" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். "கோயிலுக்குப் போகிற வழியிலேயே நான் சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

* * *

தகட்டையும் கம்பியையும் நானே புதுப்பித்தேன். மற்ற வேலைகளுக்கு வேறொரு பட்டறையைத் தேடினேன். அங்கே இருந்தவர் அப்பாவைவிடச் சில வயதே குறைந்த ஒரு மெக்கானிக். அவரும் அப்பாவும் சந்தித்ததைப் பார்த்திருக்க வேண்டும். இவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அழுத்தமானியின் முள் எந்த பாஷையிலும் ஒன்றுதான். இருவரும் அதைக் காட்டிக் காட்டித் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

வாயுவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மோட்டார் வண்டியில் முதல் முதலாகத் தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் வைத்து விற்றது அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனியார், 1939-ஆம் வருஷத்தில். அந்த ஏற்பாட்டில் கம்ப்ரஸரை நிறுத்துவதற்கு வழி கிடையாது. குளிர் வேண்டாமென்றால் இறங்கி, மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! அரிஸோனாவாசிகள் அந்தக் காலத்தில் வேறொரு தந்திரம் செய்தார்கள். ஜன்னலில் ஓர் உருளையை மாட்டி, அதற்குள் தண்ணீர் ஊற்றி, ஓடும் வேகத்தில் ஈரக் காற்று உள்ளே வரும்படி செய்துகொண்டார்கள். நம்முடைய வெட்டிவேர்த் தட்டிதான். சக்கரம் வைத்த வெட்டிவேர்த் தட்டி. வறண்ட பாலைவனத்தில் அது பலித்தது. காற்றிலே ஏற்கெனவே ஈரம் நிறைந்த நாகப்பட்டினத்தில் பலிக்காது.

என் வண்டி பிறந்தபோது அதில் இருந்த வாயு ஆர்-12 என்னும் பிரியான். எரியாது, நெடியில்லை, மனிதனைக் கொல்லாது. 1930-ஐ ஒட்டி அதைக் கண்டுபிடித்தபோது, அம்மோனியாவுக்கு அஞ்சியவர்கள் எல்லாரும் அதைக் கொண்டாடினார்கள். 1974-ல் மொலினா, ரோலண்ட் என்னும் இரண்டு விஞ்ஞானிகள், இந்தச் சாது வாயு ஆகாயத்தில் மேலே போய்ச் சூரியனின் விஷக் கதிர்களைத் தடுக்கும் ஓஸோன் படலத்தை அழிக்கிறது என்று எடுத்துக் காட்டினார்கள். 1987-ஆம் வருஷம் செப்டம்பர் 16-ஆம் தேதி மான்ட்ரீல் நகரத்தில் தேசங்கள் கூடி அதைக் கட்டுப்படுத்த உடன்படிக்கை செய்தன. என் வண்டியும் அதே வருஷத்துக் குழந்தை. 1995-க்குப் பிறகு அமெரிக்காவில் புதிதாக அதைச் செய்வது நின்றுவிட்டது. அப்புறம் வந்தது ஆர்-134ஏ. இது ஓஸோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் 1,400 மடங்குக்கு மேல் வல்லது. என் வண்டியின் முந்தைய சொந்தக்காரர் வாயுவை மட்டும் மாற்றிவிட்டு, மற்றவற்றை அப்படியே விட்டிருந்தார்.

இதை நான் எடுத்துச் சொன்னபோது அப்பா கணக்குப் போட்டார். "ஒரு கிலோ ஓடிப்போனால் ஒன்றரை டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமானமா? அப்படியானால் மூன்று தடவை காஸ் போட்டாயே, அது எங்கே போயிற்று?" என்று கேட்டார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அது அங்கேதான் போயிருந்தது.

"எங்கள் அம்மோனியா முரட்டுப் பயல்தான்" என்றார் அவர். "ஆனால் கொஞ்சம் ஒழுகினாலும் ஊரைக் கூட்டிவிடுவான். எங்கே என்று தெரியாவிட்டால் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் ஓரமாகக் காட்டுவோம். ஒழுகுகிற இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். உடனே அடைப்போம். அடைக்காமல் ஒரு நாளும் மேலே ஊற்றினதில்லை. நெடியில்லாதவனை வைத்துக்கொண்டு நீங்கள் ஊற்றிக்கொண்டே இருக்கிறீர்கள்."

இத்தனை வருஷமாக நான் வெட்கப்பட்ட அந்த நெடியைப் பற்றி, அதுதான் அவர் என்னிடம் முதல் முதலாகச் சொன்னது.

* * *

மெக்கானிக் முதலில் மிச்சமிருந்த வாயுவை யந்திரத்தின் மூலம் தொட்டியில் பிடித்துக்கொண்டார். வெளியே விடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். பழைய ரப்பர்க் குழாய்களைக் கழற்றினார். அவற்றில் ஓட்டை ஒன்றும் இல்லை. ரப்பர் முழுவதுமே, வேட்டியில் எண்ணெய் ஊறுவதுபோல், வாயுவை மெதுவாகக் கசியவிட்டுக்கொண்டிருந்ததாம். உள்ளே நைலான் படலம் வைத்த புதுக் குழாய்களும், இணைப்புகளில் புதிய ரப்பர் வளையங்களும் போட்டார். ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றினார். புது வாயுவோடு பழைய எண்ணெய் கலக்காது. ஆகையால் எண்ணெயையும் மாற்றினார். பிறகு வாக்வம் பம்ப் வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காற்றை இழுத்தார். அழுத்தமில்லாத இடத்தில் ஜலம் சாதாரண உஷ்ணத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும்; உள்ளே ஒளிந்திருக்கும் ஈரமும் வெளியேறும். பம்பை நிறுத்திவிட்டு அரைமணி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் அசையவில்லை. அப்பாவும் அசையவில்லை.

அடுத்தது கண்டென்ஸர். வெளியே 43 டிகிரி இருக்கும்போது வாயு தன் உஷ்ணத்தைக் கொட்ட வேண்டுமானால், அது 60 டிகிரிக்காவது சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஆர்-134ஏ-யின் அழுத்தம் பழைய ஆர்-12-ஐக் காட்டிலும் சுமார் 10 சதவிகிதம் அதிகம். பழைய கண்டென்ஸர்களுக்கு அது பாரம். ஆகவே முன்னும் பின்னும் இருந்தவற்றை எடுத்துவிட்டு, தட்டையான குழாய்கள் வரிசையாக அமைந்த புது மாதிரிக் கண்டென்ஸர்களை வைத்தோம். அதுவும் போதாதென்று, பின் சக்கரத்துக்கு மேலே மட்கார்டுக்குள் மூன்றாவதாக ஒன்றைச் சொந்த மின்சார விசிறியோடு பொருத்தினார். இந்த விசிறி வண்டி ஓடினாலும் நின்றாலும் சுற்றும். எஞ்சினின் தயவு அதற்கு வேண்டியதில்லை. "இதுதான் தண்ணீர் சொட்டுகிற கண்டென்ஸருக்குப் பதில்" என்று அப்பா அங்கீகாரம் கொடுத்தார்.

எவாபொரேட்டரைத் திறந்தபோது, முப்பத்தாறு வருஷத்துத் தூசியும் சருகும் கம்பளிபோல் அதன்மேல் படிந்திருந்தன. சுத்தம் செய்ததும் காற்று முன்னைப்போல் ஒன்றரை மடங்கு வேகமாக வந்தது. கடைசியாக வாயுவை நிறுத்து ஏற்றினார். பழைய ஆர்-12-க்கு விதித்த எடையில் 80 முதல் 90 சதவிகிதம்தான் ஆர்-134ஏ-க்குக் கணக்கு. கூடுதலாக ஏற்றினால், கண்டென்ஸரின் அடிப்பாகத்தில் திரவம் தேங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும், குளிர் குறையும். முதல் பட்டறைக்காரரின் தாராள குணம் என்ன செய்தது என்பது அப்போது விளங்கிற்று.

ஜன்னல் கண்ணாடிகளில் உஷ்ணத்தைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒட்டினோம். எஞ்சினுக்கும் ஆசனத்துக்கும் நடுவிலுள்ள சுவரில் புதுக் கம்பளம் போட்டோம். வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏறினால், முதல் ஒரு நிமிஷம் ஜன்னல்களைத் திறந்து ஓட்டி அனலை விரட்டிய பிறகே குளிரைப் போட வேண்டும் என்று ஒரு விதியும் ஏற்படுத்திக்கொண்டோம்.

பலன் என்ன? முன்னெல்லாம் காற்று வரும் வாயில் உஷ்ணமானியை வைத்தால் 78 டிகிரி காட்டும். ஆகஸ்ட் மாதக் கடைசியில், வெளியே 108 டிகிரி இருந்த ஒரு நாள், ஓடும்போது 50-ம் நிற்கும்போது 60-ம் காட்டிற்று. இக்காலத்துப் புது வண்டிகள் இன்னும் நன்றாகக் குளிரும்; அதில் சந்தேகமில்லை. செலவையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. இந்தப் பத்திரிகையை என் மனைவியும் படிக்கிறாள். ஆனால் மொத்தப் பலனில் சரிபாதி, ஒரு துருப்பிடித்த தகட்டையும் ஒரு முழக் கம்பியையும் மாற்றியதால் வந்தது என்பதை மாத்திரம் சத்தியமாகச் சொல்கிறேன்.

* * *

அக்டோபரில் அப்பா ஊருக்குப் புறப்பட்டார். பெட்டிகளையும் பெண்ணையும் நல்ல வண்டியில் ஏற்றிக்கொண்டு என் மனைவி முன்னால் போனாள். அப்பாவும் அதில்தான் போவார் என்று நினைத்தேன். அவர் நேராகக் கறுப்பு வண்டியின் கதவண்டை போய் நின்றார். நான் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி, "மாமா இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விமான நிலையம் போகும் வழியில் ஓரிடத்தில் வண்டிகள் நின்றன. கால்மணி நேரம் நின்றோம். என் கண் உஷ்ணமானியிலும் அவர் முகத்திலுமாக மாறி மாறி இருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கீழே ஊன்றிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

விடைபெறும்போது அவர் சொன்ன புத்திமதி இதுதான்: "குளிர்காலத்தில் வேண்டாம் என்று சும்மா விட்டுவிடாதே. மாதம் ஒரு தடவை பத்து நிமிஷமாவது ஓட்டு. ஓடாத கம்ப்ரஸரின் ஸீலில் எண்ணெய் வற்றிப்போகும், வற்றினால் ஒழுகும். ஒழுகினால் உனக்கு மூக்கில் தெரியாது."

அதன்படியே ஒவ்வொரு மாதமும் செய்துவருகிறேன். டிசம்பர் மாதத்தில், ஊரெல்லாம் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு திரியும்போது, நான் ஒருவன் மட்டும் கறுப்பு வண்டியில் குளிரை முழுக்கத் திருகி வைத்துக்கொண்டு, பல் கிட்டித்தபடி வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். என் பைத்தியம் முற்றிவிட்டதென்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். திரும்பி வந்ததும் நாகப்பட்டினத்துக்கு டெலிபோன் செய்து, "இந்த மாதம் ஓட்டியாயிற்று, அப்பா" என்று சொல்லிவிடுகிறேன்.

"முள் எங்கே நிற்கிறது?" என்று அவர் கேட்கிறார்.